கர்ப்பிணிக்கு நர்ஸ் அக்கா இருக்காங்க... சுகர் இருக்கிற அப்பாவுக்கு யார் இருக்காங்க?

வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. ரேஷன் கார்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் பக்கத்துல ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டர் பேர் போட்ட பெரிய கவர் இருக்கும். உள்ளே அப்பாவோட மங்கிப்போன ஈ.சி.ஜி., மூணு வெவ்வேறு லேபில் எடுத்த சுகர் ரிப்போர்ட், மெடிக்கல் ஷாப் பில், மடிப்பு மடிப்பா ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாமே ஒரே உடம்பைப் பற்றிய தாள்கள்தான். ஆனால், ஒரு தாளுக்கு இன்னொரு தாளில் என்ன எழுதியிருக்கு என்று தெரியாது. அந்தக் கவரைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுற ஆள் யாரு? பெரும்பாலும் லீவு போட்டுட்டுப் போற நீங்கதான்.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயசு 54. வீடு திருமுல்லைவாயல், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். இது தனி ஒருவரின் கதை இல்லை. காலையில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கலில் ஏறினால் பெட்டிக்கு நாலு பேராவது இவர் மாதிரி இருப்பார்கள். பத்து வருஷமா சுகர். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. வரம்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். சம்பளம் உயர்ந்ததற்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். பத்து வருஷ மருத்துவப் பதிவு அத்தோடு அங்கேயே நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு சுகருக்குத் தெருமுனை கிளினிக்கில் சாயங்கால டாக்டர். பி.பி. மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து கொடுக்கிறார். போன மாதம் திடீரென்று நெஞ்சுவலி. 108 வந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துவிட்டார்.

இதோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால், சிக்கல் தொடங்குவதே டிஸ்சார்ஜ் அன்றுதான்.

கையில் ஒரு தாள், சில நாள்களுக்கு மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஒரு வருடம் வரை சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். மாத்திரை தீர்ந்ததும் இவர் எங்கே போவார்? மறுபடியும் சென்ட்ரல் வரைக்கும் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்கே உள்ளவர்களுக்கு இவருக்கு ஸ்டென்ட் வைத்ததே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் பி.பி.க்கு ஒரு புது மாத்திரை எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு வரும் அக்கா பழைய மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டையும் சேர்த்து முழுங்கினால் தலைசுற்றல், சில வகை மாத்திரைகள் சேர்ந்தால் கிட்னிக்கே ஆபத்து. சுகருக்கும் இதே கூத்துதான். கிளினிக் டாக்டர் ஒரு கம்பெனி பெயரில் எழுதிய மருந்தையே ஆஸ்பத்திரியில் வேறு பெயரில் கொடுத்திருப்பார்கள். டபுள் டோஸ் உள்ளே போய் ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஹார்ட்தான் மறுபடியும் படுத்துகிறது என்று.

இதில் வேலையைச் சரியாகச் செய்யாதவர் யாருமே இல்லை. இ.எஸ்.ஐ.யில் பார்த்தார்கள், கிளினிக் டாக்டர் பார்த்தார், அக்கா தவறாமல் வந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் உயிரையே காப்பாற்றினார்கள். இந்த நாலு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொள்வது மட்டும் யாருடைய டியூட்டி லிஸ்ட்டிலும் இல்லை.

பிக்மி நம்பர் தெரியுமா?

இப்போ உங்க அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்த மாதங்களை ஞாபகப்படுத்திப் பாருங்க. அங்கே காட்சியே வேற. கிராமமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியர், நம்ம பக்கம் என்றால் நகர சுகாதார செவிலியர் வந்து பதிவு செய்வார். ஒரு நம்பர் கிடைக்கும். அதை எல்லோரும் பிக்மி நம்பர் என்றுதான் சொல்வார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஸ்கேன் எப்போ எடுக்கணும், பிரசவத் தேதி என்ன, சிக்கலான கர்ப்பமா இல்லையா, எல்லாம் அந்த நம்பரின் கீழ் பதிவாகும். செக்கப்புக்கு வரலைன்னா போன் வரும். 'ஏம்மா வரல?' என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உதவித்தொகை வாங்கவும் அந்த நம்பர் வேண்டும். குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசிக்கும் அதே நர்ஸ்தான் துரத்துவார்.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் இது 99.6 சதவிகிதம். நல்ல டாக்டர்கள் இருந்தால் மட்டும் இந்த நிலை வந்துவிடாது. ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் ஒரு நர்ஸின் லிஸ்ட்டில் இருந்தது, லிஸ்ட்டில் இருக்கும் பெயர் காணாமல் போனால் அந்த நர்ஸ் பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பொறுப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இப்படிப்பட்ட ஆளைத்தான் வெளிநாடுகளில் கேஸ் மேனேஜர் என்கிறார்கள். ஏதோ ஐ.டி. கம்பெனி போஸ்ட் மாதிரி இருக்கும் பெயர், விட்டுத்தள்ளுங்க. விஷயம் இதுதான்: வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையத்திலேயே, டாக்டர் ரூமுக்கு அடுத்த ரூமில், ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார். ஊசி போடுவது அவர் வேலை இல்லை. அவர் கையில் ஒரு லிஸ்ட். ஹார்ட் அட்டாக் வந்தவர், பக்கவாதத்திலிருந்து மீண்டவர், கிட்னி பாதிக்கப்பட்டவர், சுகர் எகிறிக்கொண்டே இருப்பவர். யாராவது டிஸ்சார்ஜ் ஆனால் அடுத்த ஓரிரு நாளில் போன் செய்வார். பழைய மாத்திரை, புது மாத்திரை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டச் சொல்லி, எது வேணும், எது வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டு ஒரே சீட்டாக்குவார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், சொன்னதோடு விடமாட்டார். போனீங்களா, என்ன சொன்னாங்க என்று கேட்டு, அந்தத் தகவலை டாக்டர் மேஜைக்குக் கொண்டுவருவார்.

சேத்துப்பட்டில் 1956-லேயே செய்து காட்டியது

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று தோன்றினால், சேத்துப்பட்டு வரை போய்ப் பார்க்கலாம். அங்கே 1956-ல் காசநோய் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு எல்லாம் சேர்ந்து நடத்தியது. அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் தாம்பரம் மாதிரி இடங்களிலிருந்த சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கணும். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் இல்லாமல் டி.பி. குணமாகாது என்பதுதான் நம்பிக்கை.

இவர்கள் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானட்டோரியம். இன்னொரு பிரிவு, மெட்ராஸின் நெருக்கடியான தெருக்களில் இருந்த தங்கள் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களை சுகாதாரப் பணியாளர்கள் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கவனித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்க சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மாத்திரையோட மகிமை என்று மட்டும் இதைச் சொல்பவர்கள், படியேறிப் போய்க் கதவைத் தட்டியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஞானம் நம்ம அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே இன்னும் வேலை செய்கிறது. அயப்பாக்கத்தில் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பலருக்கு அது உள்ளே என்ன செய்கிறது என்றே தெரியாது. அந்த நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. டி.பி. என்று தெரிந்த அன்றே உயரம், எடை, காலில் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், டாக்டர்கூட வேண்டாம். பயிற்சி பெற்ற பணியாளரே பார்த்துவிடலாம். நிலைமை மோசம் என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதற்கு அடுத்த கட்டம்தான். ரெஃபர் சீட்டைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் உண்மையிலேயே போய்ப் படுக்கையில் சேர்ந்தாரா என்பதையும் கணக்கில் வைக்கிறார்கள். நம்ம திருமுல்லைவாயல்காரருக்கு யாராவது இந்தக் கடைசி வேலையைச் செய்திருந்தால் போதும்.

மக்களைத் தேடி வந்தது பாதிதான்

சரி, டி.பி.க்கும் பிரசவத்துக்கும் ஆள் இருக்கு. சுகருக்கும் பி.பி.க்கும் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தியாவிலேயே பெரிய முயற்சிகளில் ஒன்று. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து, மாத்திரையையும் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் வருகிறார்கள். 2024-ல் இதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த சர்வேயில், பி.பி. இருப்பவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சுகரில் 100-க்கு 11 பேர் மாதிரி. அடுத்த சுற்று சர்வேயில் இரண்டுமே 17-க்குப் பக்கத்தில் வந்திருக்கின்றன. சில வருஷங்களில் பி.பி. கட்டுப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது சாதாரண விஷயம் இல்லை. ஆனால், அதே எண்ணைத் திருப்பிப் பாருங்க: இன்னும் 100-க்கு 83 பேர் கட்டுக்குள் இல்லை.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. தகவல் வரவில்லை என்பதுதான் என் கருத்து. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவுக்கு பெரிய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, எந்த மாத்திரையை நிறுத்தணும் என்று முடிவெடுக்கும் பயிற்சியோ அதிகாரமோ கிடையாது. திட்டம் தொடங்கியபோது அவருக்குக் கொடுத்த மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். அந்தக் காசுக்கு இவ்வளவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. சிலர் 'அதான் அக்கா வர்றாங்களே, அவங்களே பார்த்துக்கட்டும்' என்று சொல்வதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று, அவர் வருவது பகலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் போகிறவர், ஆவடியிலிருந்து சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர், பூந்தமல்லி ரோட்டில் கடை வைத்திருப்பவர், யாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். இதை அரசும் உணர்ந்துதான் 2024 ஜனவரியில் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. பட்டறையில் பி.பி. அதிகம் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த எண் அவர் வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தால்தானே அடுத்த மாதம் அதை யாராவது தொடர முடியும்?

நம்ம ஏரியாவில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சி, 2018-லிருந்து சென்னை மாவட்டம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, ஆனால் திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லி நகராட்சி, அதுவும் திருவள்ளூர். வீடு ஒரு நிர்வாகத்தில், வேலை இன்னொன்றில், பெரிய ஆஸ்பத்திரி சென்ட்ரல் பக்கமோ கீழ்ப்பாக்கத்திலோ. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் அயனாவரத்துக்கும் கே.கே. நகருக்கும் போகிறார்கள். தனியாரில் காட்டுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. இந்த எல்லைக்கோடுகளெல்லாம் ஆபீஸ் மேப்பில்தான் இருக்கு. நோயாளி தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போய்வருகிறார்.

ஆள் வைத்தால் மட்டும் போதுமா?

ஒரு கேஸ் மேனேஜரை உட்காரவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவேண்டாம். அமெரிக்காவில் இரண்டு உதாரணங்கள் இருக்கு. பென்சில்வேனியாவில் கைசிங்கர் என்ற மருத்துவ அமைப்பு 2006-ல் தன் ஆரம்ப நிலை கிளினிக்குகளுக்குள்ளேயே நர்ஸ் கேஸ் மேனேஜர்களை உட்காரவைத்தது. ஏறக்குறைய 800 முதியவர்களுக்கு ஒருவர். அவர்களின் நோயாளிகள் மருத்துவமனையில் சேர்வது குறைந்தது, மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துப் பின்பற்றினார்கள். இன்னொன்று நியூஜெர்சியின் கேம்டன் நகரம். டாக்டர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய திட்டம். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேரும் ஏழை நோயாளிகளை டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரு குழு வீடு தேடிப்போய்ப் பார்த்தது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து முறையாக ஆராய்ந்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. 180 நாள்களுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், குழு கவனித்த பக்கம் 62.3 சதவிகிதம், கவனிக்காத பக்கம் 61.7. வித்தியாசமே இல்லை!

ஏன்? பலரும் சொன்ன காரணம் எளிமையானது. வழிகாட்டி ஒருவர் இருக்கலாம், ஆனால் கூட்டிக்கொண்டு போக இடம் வேண்டுமே. தங்க வீடில்லாதவருக்கு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கிடைக்காதவருக்கு, போன் செய்து விசாரிப்பதால் என்ன ஆகிவிடும்?

நம்ம நிலைமை அப்படி இல்லை. மாத்திரை இலவசம். லேப் டெஸ்ட் இருக்கு. டயாலிசிஸ் இருக்கு. முதல்வர் காப்பீடு இருக்கு. 2023 ஜூனில் இருந்து நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலைக்குப் போகிறவர் சாயங்காலம் எட்டிப் பார்க்கக்கூடிய நேரம் அது. போக வேண்டிய இடங்கள் கேம்டனைவிட இங்கே அதிகம். இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆள்தான் குறைவு. அதனால் இந்த முயற்சி அமெரிக்காவைவிட இங்கே நன்றாக வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது என்றே தோன்றுகிறது.

அது வெறும் ஆசையும் இல்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 சர்க்கரை நோய் கிளினிக்குகளில் 1,146 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2016-ல் முடிவு வந்தது. டாக்டர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்து, டாக்டருக்கு நினைவூட்டும் கம்ப்யூட்டர் பதிவையும் கொடுத்தார்கள். சுகரோடு சேர்த்து பி.பி.யோ கொழுப்போ கட்டுக்குள் வந்தவர்கள் அந்தப் பிரிவில் 18 சதவிகிதம், வழக்கமான சிகிச்சையில் 8. இரண்டு மடங்கு. சென்னை உள்பட நான்கு ஊர்களில் நடந்து 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு சுகரோடு மனச்சோர்வும் இருந்த 404 பேரைப் பற்றியது. அதிலும் ஒருங்கிணைப்பாளர் இருந்த பக்கம் மனசும் உடம்பும் சேர்ந்து தேறியவர்கள் அதிகம். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலையில் உட்காரும் அப்பாவுக்கு எழுந்து மாத்திரை போடும் தெம்பே இல்லாமல் போயிருக்கலாம், அதை நாம் அலட்சியம் என்று திட்டிக்கொண்டிருப்போம். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் பி.பி. அளந்து, ஆலோசனை சொல்லி, டாக்டரிடம் அனுப்பிய திட்டத்திலும் இரண்டு வருஷத்தில் பி.பி. கூடுதலாக 5 புள்ளி இறங்கியது.

ஆகப்பெரிய செலவும் இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம், மெஷின் வேண்டாம். சுகாதார நிலையத்துக்கு ஒரு நர்ஸ், மற்ற வேலைகளிலிருந்து முழுசாக விடுவிக்கப்பட்டவர். இருக்கிற நர்ஸிடமே இதையும் சேர்த்துப் பார் என்று சொன்னால், தடுப்பூசி முகாம் வந்த முதல் வாரத்திலேயே லிஸ்ட் அலமாரிக்குள் போய்விடும். அவருக்கு ஒரு போன், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் தகவல் தினமும் வந்து விழும் ஒரு ஏற்பாடு. இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். அதற்கு ஆஸ்பத்திரியும் மாநகராட்சியும் மாவட்ட சுகாதாரத் துறையும் ஒரே மேஜையில் உட்காரணும்.

அது வரைக்கும் நீங்கதான் மேனேஜர்

உட்காரும்போது உட்காரட்டும். அப்பாவுக்கு மாத்திரை தீரப்போவது அடுத்த வாரம். அதனால், கையிலிருக்கும் போனை வைத்தே சில வேலைகளை முடித்துவிடலாம்.

முதலில் அந்த ஸ்கேன் சென்டர் கவர். எல்லாத் தாளையும் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்து, ஒரே ஆல்பத்தில் தேதி வாரியாகப் போட்டுவிடுங்க. ஈ.சி.ஜி. தாள் சில வருஷத்தில் வெள்ளையாகிவிடும் என்பதால் அதற்கு முதல் இடம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தட்டில் கொட்டுங்க. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விட்டுவிடுங்க. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்க. ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருந்தால் நீங்களே ஒன்றை நிறுத்தாமல், அந்தத் தட்டையே டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்க. இந்த ஒரு வேலையைச் செய்தாலே ராத்திரி ரெண்டு மணி நடுக்கம் பலருக்கு வராது.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். இருந்தாலும் வார்டில் நர்ஸிடம் நின்று கேளுங்க: பழைய மாத்திரையில் எதை நிறுத்தணும்? புதுசில் எதை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது? என்ன ஆனால் உடனே ஓடி வரணும்? மூன்றையும் சம்மரியின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்க. அப்பாவே படிக்கிற மாதிரி.

அடுத்த இரண்டு நாளுக்குள் அந்தத் தாளோடு உங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கோ நலவாழ்வு மையத்துக்கோ ஒரு தடவை போய்வாருங்க. எந்த மையம் என்று தெரியாவிட்டால் 104-ல் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் பதிவில் அப்பாவின் பெயர் இருக்கிறதா, இருந்தால் புது மாத்திரைகள் அதில் ஏறிவிட்டதா என்று நர்ஸிடம் கேளுங்க. வீட்டுக்கு வரும் அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்க. பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லலாம். 14 இலக்க ஆபா எண் எடுத்துவைத்தால், ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதைச் சொல்லிப் பதியலாம். எல்லா இடத்திலும் இன்னும் ஒழுங்காக வேலை செய்வதில்லை, ஆனாலும் எடுத்துவையுங்க.

இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வரப்போகிறவர்கள், கடைசி நாளுக்கு முன்னாலேயே டிஸ்பென்சரியில் சிகிச்சை விவரங்களின் நகலை வாங்கிவிடுங்க. பிறகு போய்க் கேட்பது எவ்வளவு அலைச்சல் என்று ஏற்கெனவே அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். மாத்திரை தீரும் நாளை எண்ணி, அதற்கு ஏழு நாள் முன்னால் வரும் தாளில் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'அப்பா மாத்திரை' என்று எழுதிவிடுங்க. போன் ரிமைண்டரை நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது தள்ளிவிடுவீங்க. காலண்டர் தாளைக் கிழிப்பது அம்மா.